சீனா திறந்த கதவு

1793-ம் ஆண்டில், வெளியுலகத்திடமிருந்து தனக்கு வேண்டியது எதுவும் இல்லை என்று சொன்னது சீனா. அப்புறம் ஐம்பது ஆண்டு கூட ஆகவில்லை. அந்நியரின் பீரங்கி அதன் வாசலைத் தகர்த்தது.

1978-ம் ஆண்டில், வெளியுலகத்திடம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று அதே சீனா ஒப்புக்கொண்டது. அடுத்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் அது ஜப்பானையும் தாண்டி, பொருளாதாரத்தில் உலகத்தின் இரண்டாவது பெரிய நாடாகிவிட்டது.

முதல் பதிலைச் சொன்னவர் ஒரு சக்கரவர்த்தி. இரண்டாவது பதிலைச் சொன்னவர், பதவியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, மீண்டும் மீண்டும் எழுந்து வந்த ஒரு கம்யூனிஸ்டுத் தலைவர். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே சீன மக்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

சக்கரவர்த்தியின் பதில்

இங்கிலாந்தின் ராஜா மூன்றாம் ஜார்ஜ், சீனச் சக்கரவர்த்தியிடம் ஒரு தூதரை அனுப்பி வைத்தார். அவர் பெயர் மெக்கார்ட்னி பிரபு. அவர் சென்னைக்குப் பழக்கமானவர்தான். 1781 முதல் 1785 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர்.

கடிகாரங்கள், தொலைநோக்கிகள், கோள்கள் சுற்றுவதைக் காட்டும் யந்திரம், பீரங்கிகள், குதிரை வண்டிகள் என்று இங்கிலாந்தின் கைத்திறனையெல்லாம் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார் தூதர்.

போன இடத்தில் முதல் சிக்கல், கும்பிடுவதில் வந்தது. சக்கரவர்த்தியின் முன் வருகிறவர் மூன்று முறை மண்டியிட வேண்டும்; ஒன்பது முறை நெற்றி தரையில் படக் கும்பிட வேண்டும். அதுதான் சீன அரண்மனையின் வழக்கம். என் ராஜாவுக்குச் செய்வதுபோல் ஒரு காலை மட்டும் மடக்கி மண்டியிடுவேன் என்றார் மெக்கார்ட்னி. பல நாள் பேச்சுக்குப் பிறகு அப்படியே நடந்தது என்று இங்கிலீஷ்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சக்கரவர்த்தி சியென்லுங்குக்கு அப்போது வயது 82. பரிசுகளை வாங்கிக்கொண்டார். விருந்தும் கொடுத்தார். ஆனால், தூதர் கேட்ட ஒன்றுக்கும் இசையவில்லை. பீகிங் நகரில் நிரந்தரத் தூதர் இருக்கக் கூடாது; புதிய துறைமுகங்கள் திறக்க முடியாது; எங்களிடம் எல்லாம் இருக்கிறது, உங்கள் நாட்டுச் சரக்கு எங்களுக்குத் தேவையில்லை. இந்தப் பொருளில் ஒரு கடிதம் இங்கிலாந்து ராஜாவுக்குப் போயிற்று.

அந்தப் பதிலை வெறும் திமிர் என்று தள்ளிவிட முடியாது. 1820-ம் ஆண்டுவாக்கில், உலகத்தின் மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு சீனாவில் நடந்தது என்று பொருளாதார வரலாற்று அறிஞர் ஆங்கஸ் மாடிசன் கணக்கிட்டிருக்கிறார். சீனத்துத் தேயிலையும் பட்டும் பீங்கானும் வாங்குவதற்காக ஐரோப்பா வெள்ளியைக் கொட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. வீட்டில் நெல் குவிந்திருக்கும்போது அண்டை வீட்டுக்காரன் என்ன விதைக்கிறான் என்று யார் எட்டிப் பார்ப்பார்கள்?

ஆனால், அண்டை வீட்டில் விதைத்தது நீராவி யந்திரம்.

காலித் துறைமுகத்துக் கல்

சீனா என்றைக்குமே இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்ததா? இல்லை.

சோழர்களின் தூதர்கள் 1015-ம் ஆண்டிலேயே சீனத் தலைநகர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் குடியிருந்தார்கள். அங்கே சிவன் கோயில் கட்டியதைச் சொல்லும் 1281-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது.

1405-க்கும் 1433-க்கும் இடையே ஜெங் ஹே என்ற சீனக் கடற்படைத் தலைவர் ஏழு முறை இந்து சமுத்திரத்தில் பெரும் கப்பற்படையோடு வந்தார். ஆப்பிரிக்கக் கரை வரை அந்தக் கப்பல்கள் போயின. 1409-ம் ஆண்டு தேதியிட்டு அவர் கொண்டுவந்த ஒரு கல்வெட்டு இலங்கையில் காலி நகரில் அகப்பட்டது. இப்போது கொழும்புக் காட்சிசாலையில் இருக்கிறது.

அந்தக் கல்லில் மூன்று மொழிகள். சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தெனவரை நாயனாருக்குக் காணிக்கை. பாரசீகத்தில் அல்லாவுக்குக் காணிக்கை. கடலில் வியாபாரம் செய்கிறவர்கள் யார், அவர்கள் பேசும் மொழி எது, கும்பிடும் தெய்வம் எது என்று விசாரித்து அறிந்தவர்கள் செதுக்கிய கல் அது.

1433-க்குப் பிறகு அந்தக் கப்பல்கள் வரவில்லை. வடக்கு எல்லையில் பகைவர் பயம், கடற்பயணத்துக்கு ஆகும் பெரும் செலவு, அரண்மனைக்குள் எதிர்ப்பு. சீனா முகத்தை நிலத்தின் பக்கம் திருப்பிக்கொண்டது. மெக்கார்ட்னி வந்தபோது மேல்நாட்டு வியாபாரிகளுக்குத் திறந்திருந்தது கான்டன் என்ற ஒரே துறைமுகம்தான்.

அபினிப் பெட்டி

தேயிலைக்கு வெள்ளி கொடுத்துக் கட்டுப்படியாகாத இங்கிலீஷ்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் அபினி விளையவைத்தார்கள். அதைச் சீனாவில் கள்ளத்தனமாக விற்றார்கள். வந்த வெள்ளி திரும்பிப் போகத் தொடங்கியது. லட்சக்கணக்கான சீனர்கள் அபினிக்கு அடிமையானார்கள்.

1839-ல், லின் சேஷூ என்ற நேர்மையான அதிகாரியைச் சக்கரவர்த்தி கான்டனுக்கு அனுப்பினார். அவர் 20 ஆயிரம் பெட்டிக்கு மேல் அபினியைப் பறிமுதல் செய்தார். உப்பும் சுண்ணாம்பும் கலந்து கரைத்துக் கடலில் விட்டார்.

விளைவு, யுத்தம். நீராவிக் கப்பல்கள் சீன ஆறுகளுக்குள் புகுந்தன. சென்னை ராஜதானியின் சிப்பாய்ப் படைகளும் அந்த யுத்தத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. நம் மண்ணில் சோற்றுக்காகத் துப்பாக்கி தூக்கியவர்கள், முன்பின் பார்த்திராத சீனர்களோடு சண்டை போட்டார்கள்.

1842-ல் நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஹாங்காங் தீவு பறிபோயிற்று. ஐந்து துறைமுகங்கள் திறந்தன. 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் நஷ்ட ஈடு! அடித்தவனுக்கே அடிபட்டவன் கொடுத்த நஷ்ட ஈடு அது.

அதோடு முடியவில்லை. 1860-ல் இங்கிலீஷ், பிரெஞ்சுப் படைகள் பீகிங்கில் கோடை அரண்மனையைச் சூறையாடின; இங்கிலீஷ் படை அதைக் கொளுத்தியது. 1895-ல் ஜப்பானிடம் தோற்றுத் தைவானை இழந்தது சீனா. 1937-ல் ஜப்பான் முழு யுத்தம் தொடுத்து உள்ளே புகுந்தது. இந்தக் காலத்தைச் சீனர்கள் ‘நூறாண்டு அவமானம்’ என்பார்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயர் தெரியும். இன்றைய சீனா ஏன் எடுத்ததற்கெல்லாம் மானப் பிரச்சினையாக நினைக்கிறது என்று கேட்பவர்கள், இந்தப் பெயரை மறந்துவிடக் கூடாது.

கேட்காத காது

1949 அக்டோபர் 1. பீகிங்கில் தியானன்மென் மேடையில் நின்று மக்கள் குடியரசைப் பிரகடனம் செய்தார் மா சே-துங். அந்நியர் வெளியேறினார்கள். மிராசுதாரர்களின் நிலம் குடியானவர்களுக்குப் பங்கிடப்பட்டது. கிராமத்துக்குப் பள்ளிக்கூடமும் வைத்திய வசதியும் வந்தன. மக்களின் சராசரி ஆயுள் கூடியது.

ஆனால், அவசரம் குடி கெடுத்தது. 1958-ல் ‘பெரும் பாய்ச்சல்’ என்று ஒரு திட்டம். இரும்பு உற்பத்தியில் இங்கிலாந்தைப் பிடித்துவிட வேண்டுமாம்! ஊருக்கு ஊர் கொல்லையில் உலை கட்டினார்கள். வீட்டுச் சட்டி, கரண்டிகளையும் உருக்கினார்கள். வந்தது உதவாக்கரை இரும்பு. பயிரைத் தின்கின்றன என்று சிட்டுக்குருவிகளை விரட்டிக் கொன்றார்கள். குருவி ஒழிந்ததும் பூச்சிகள் பெருகிப் பயிரைத் தின்றன.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய கேடு ஒன்று உண்டு. மேலிடம் சந்தோஷப்பட வேண்டும் என்பதற்காக, கீழே உள்ள அதிகாரிகள் விளைச்சலைப் பல மடங்காக்கிக் கணக்கு எழுதினார்கள். அந்தப் பொய்க் கணக்கின்படியே தானியம் வசூலிக்கப்பட்டது. குடியானவன் வீட்டில் விதை நெல் கூட மிஞ்சவில்லை. பஞ்சம் என்று சொன்னவன் துரோகி. அந்த நாலைந்து ஆண்டுகளில் பட்டினியால் செத்தவர்கள் ஒன்றரைக் கோடி என்பாரும் உண்டு; நாலரைக் கோடி என்பாரும் உண்டு. மனித வரலாற்றில் அத்தனை பெரிய பஞ்சம் வேறு இல்லை என்பதில் அறிஞர்களுக்குள் அதிகம் வேற்றுமை இல்லை.

அடுத்து 1966-ல் கலாசாரப் புரட்சி. மாணவர்கள் ஆசிரியர்களையே தெருவில் இழுத்து அவமானப்படுத்தினார்கள். காலேஜ் நுழைவுப் பரீட்சை நின்றது. பத்து ஆண்டு கழிந்து, 1977-ல் மறுபடியும் பரீட்சை வைத்தபோது 57 லட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு. வயலிலும் ஆலையிலும் பத்து வருஷம் போக்கியவர்கள், பழைய புத்தகத்தைத் தூசி தட்டிப் படித்து வந்து உட்கார்ந்தார்கள்.

புல்லட் ரயிலில் ஒரு முதியவர்

1976-ல் மா சே-துங் காலமானார். இரண்டு ஆண்டுகளில் சீனாவின் கடிவாளம் டெங் சியாவ்பிங் கைக்கு வந்தது.

குள்ளமான உருவம். 74 வயது. இளமையில் பிரான்சுக்குப் போய் ஆலைகளில் கூலி வேலை செய்தவர். கலாசாரப் புரட்சியில் பதவி பறிபோய், டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறையில் பிட்டராக வேலை பார்த்தவர். அந்தக் கொந்தளிப்பில் அவருடைய மூத்த மகன் மாடியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். கொள்கை வெறி ஒரு நாட்டை என்ன செய்யும் என்பது டெங்குக்குச் சொந்த வீட்டிலேயே தெரிந்திருந்தது.

1978 அக்டோபரில் டெங் ஜப்பானுக்குப் போனார். சீனாவைச் சூறையாடிய அதே ஜப்பான்! அங்கே புல்லட் ரயிலில் ஏறினார். நிஸ்ஸான் கார் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார். ரயில் எப்படி என்று கேட்டவர்களிடம், யாரோ பின்னாலிருந்து ஓடு ஓடு என்று விரட்டுவது போலிருக்கிறது என்ற பொருளில் சொன்னார்.

அடுத்த மாதம் சிங்கப்பூர். 1920-ல் பிரான்சுக்குப் போகும் வழியில் அவர் பார்த்த ஊர் அது. அன்று ஒரு காலனித் துறைமுகம். 1978-ல், வெளிநாட்டு முதலாளிகளை அழைத்து ஆலை வைக்கச் சொல்லி, குடிமக்களுக்கு வீடும் வேலையும் கொடுத்திருந்த சுதந்திர நாடு. டெங் அதைக் கூர்ந்து பார்த்தார். திரும்பிய பிறகு, சிங்கப்பூருக்குச் சீன அதிகாரிகள் அடுத்தடுத்துப் படிக்க வந்தார்கள்.

தோற்கடித்தவனிடமும் சிறியவனிடமும் போய்க் கற்றுக்கொள்ள ஒரு பெரிய நாடு வெட்கப்படவில்லை. சீனாவின் எழுச்சியில் இதைவிட முக்கியமான கட்டம் வேறு இல்லை.

பதினெட்டுக் கைநாட்டு

தலைவர் வெளிநாட்டில் கற்றுக்கொண்டிருந்தபோது, குடியானவர்கள் தங்கள் வயிற்றிடம் கற்றுக்கொண்டார்கள்.

ஆன்ஹூய் மாகாணத்தில் சியாவ்காங் என்று ஒரு குக்கிராமம். வருஷா வருஷம் ஊரே பிச்சை எடுக்கப் புறப்படும். நிலம் கம்யூனுக்குச் சொந்தம். உழைத்தவனுக்கும் உழைக்காதவனுக்கும் ஏறக்குறைய ஒரே பங்கு. ஆகவே, உழைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

1978 நவம்பரில் ஓர் இரவு, ஒரு மண் வீட்டில் 18 குடியானவர்கள் ரகசியமாகக் கூடினார்கள். நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்வது. சர்க்காருக்கு உரிய தானியத்தைத் தவறாமல் கட்டிவிடுவது. மீதியை அவரவர் வைத்துக்கொள்வது. இதை ஒரு தாளில் எழுதினார்கள். அன்றைய சட்டப்படி அது பெரும் குற்றம். அகப்பட்டால் சிறை, ஏன், தலையே போகலாம். அதனால் கடைசியில் இன்னொரு வாசகமும் சேர்த்தார்கள். பொறுப்பாளர்கள் சிறைக்குப் போனால், அவர்களுடைய பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும்.

எல்லாரும் கைநாட்டு வைத்தார்கள்.

மறு வருஷம் வயல் சிரித்தது. பல ஆண்டுகளில் காணாத விளைச்சல். சர்க்கார் பங்கைக் கட்டியும் வீட்டில் தானியம் மிஞ்சியது. செய்தி மேலே எட்டியபோது, மாகாணத் தலைவர் வான் லி அவர்களைத் தண்டிக்கவில்லை. 1980-ல் டெங்கும் அந்த முறையை வெளிப்படையாக ஆதரித்துப் பேசினார். சில ஆண்டுகளில் கம்யூன்களே இல்லாமல் போயின. சியாவ்காங்கில் இன்று அந்தக் கைநாட்டுகளுக்கு ஒரு நினைவுக் காட்சிசாலை இருக்கிறது.

1958-ல் சீனச் சர்க்கார் குடியானவன் பேச்சைக் கேட்கவில்லை, கோடிக்கணக்கானவர்கள் மாண்டார்கள். 1978-ல் கேட்டது, கோடிக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள்.

எல்லை ஊர் எழுந்த கதை

ஹாங்காங்குக்கு எதிர்க்கரையில் இருந்தது ஷென்ஜென். வயலும் மீன்பிடி கிராமங்களும் சூழ்ந்த சின்ன எல்லை ஊர். வறுமை தாங்காமல், உயிரைப் பணயம் வைத்து இரவில் கடலில் நீந்தி ஹாங்காங்குக்குத் தப்பி ஓடியவர்கள் ஏராளம்.

மக்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று யோசித்த சர்க்கார், 1980-ல் அங்கே ஒரு விசேஷப் பொருளாதார மண்டலம் அமைத்தது. வெளிநாட்டார் ஆலை வைக்கலாம். வரிச் சலுகை உண்டு. சரக்கை ஏற்றுமதி செய்யலாம். பொம்மை, சட்டை, ரேடியோ என்று தொடங்கியது. மற்றவர் கொடுத்த வரைபடத்துக்கு ஆணி முடுக்கிய கைகள், மெல்ல மெல்லச் சொந்த வரைபடம் போடக் கற்றுக்கொண்டன.

1987-ல் அங்கே தொடங்கிய ஹுவாவே, உலகத்தின் பெரிய டெலிபோன் சாதனக் கம்பெனியாகியது. 1995-ல் பாட்டரி செய்யத் தொடங்கிய பி.ஒய்.டி., மின்சாரக் கார் தயாரிப்பில் உலகத்தின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. 2020-ம் ஆண்டு ஜனக் கணக்குப்படி ஷென்ஜென்னில் 1 கோடியே 75 லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள்.

2001 டிசம்பரில், பதினைந்து ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு உலக வர்த்தக ஸ்தாபனத்தில் சீனா சேர்ந்தது. உலகத்துக் கடைகளெல்லாம் சீனச் சரக்கால் நிரம்பின. 2009-ல் ஏற்றுமதியில் ஜெர்மனியை முந்தியது. 2008-ல் முதல் அதிவேக ரயில் பாதை திறந்த நாடு, 2024 முடிவுக்குள் 48 ஆயிரம் கிலோ மீட்டர் பாதை போட்டுவிட்டது. 2024 ஜூனில் சந்திரனின் மறுபுறத்திலிருந்து மண் எடுத்து வந்தது. அதற்கு முன் எந்த நாடும் அதைச் செய்ததில்லை. நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடி மக்கள் கொடிய வறுமையிலிருந்து மீண்டதாக உலக வங்கி சொல்கிறது.

விலை கொடுத்தவர்கள்

இந்த ஆலைகளில் உழைத்தவர்கள் யார்? கிராமத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்த இளைஞர்களும் பெண்களும். 2023-ல் இப்படி ஊர் விட்டு வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 30 கோடி.

சீனாவில் குடும்பப் பதிவு என்று ஒரு முறை உண்டு. எந்த ஊரில் பதிவோ அந்த ஊரில்தான் முழு உரிமை. நகரத்தில் பத்து வருஷம் மாடி கட்டினாலும், அந்த நகரத்துப் பள்ளிக்கூடத்தில் தொழிலாளியின் பிள்ளைக்கு எளிதில் இடம் கிடைக்காது. அதனால் லட்சக்கணக்கான குழந்தைகள் தாத்தா பாட்டியோடு கிராமத்தில் வளர்ந்தார்கள். சீனப் புத்தாண்டு வந்தால்தான் அப்பா அம்மா முகம். உலகம் மலிவு விலைக்கு வாங்கிய சட்டையில், அந்தக் குழந்தைகளின் ஏக்கமும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது.

திறக்காத கதவு ஒன்றும் இருந்தது. 1989-ல் மாணவர்கள் தியானன்மென் சதுக்கத்தில் கூடி, பேசும் உரிமை கேட்டார்கள். ஜூன் 3 இரவும் 4-ம் தேதி விடியற்காலையும் ராணுவம் டாங்கிகளோடு வந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள் என்பாரும், ஆயிரக்கணக்கில் என்பாரும் உண்டு. சீனாவில் அதைப் பகிரங்கமாகப் பேசவே முடியாது. வியாபாரம் செய்யலாம், பணம் சேர்க்கலாம்; ஆட்சியைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே. அன்று முதல் இதுவே எழுதாத ஒப்பந்தமாயிற்று.

99 ஆண்டுக் குத்தகை

பலம் வந்ததும் சீனா வெளியே காலை நீட்டியது. 2013-ல் அதிபர் ஷி ஜின்பிங் ‘மண்டலமும் பாதையும்’ என்ற பெரிய திட்டத்தை அறிவித்தார். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் துறைமுகம், ரயில், மின் நிலையம் கட்டச் சீனக் கடன் பாய்ந்தது. மேல்நாடுகள் கையை விரித்த இடங்களில், சீனா பாலம் கட்டிக் கொடுத்தது உண்மை. கடன் சுமை ஏறியதும் உண்மை.

இலங்கையின் தென்கோடியில் சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் போதிய வருமானம் இல்லை. 2017-ல் அதை ஒரு சீனக் கம்பெனி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. தொகை 112 கோடி டாலர். இலங்கையின் மொத்தக் கடனில் சீனாவுக்கு உரியது ஒரு பங்குதான். வட்டிச் சந்தையில் வாங்கிய கடனே அதைவிடப் பெரிய சுமை. 2022-ல் இலங்கை திவாலானதற்குப் பழியெல்லாம் சீனாவின் மேல் போடுவது நியாயம் ஆகாது.

என்றாலும், அந்த 99 என்ற எண் சும்மா விடுகிறதா? 1898-ல், பலமிழந்து கிடந்த சீனாவிடம் ஹாங்காங்கை ஒட்டிய நிலத்தை இங்கிலாந்து எடுத்ததும் 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான். அந்தக் குத்தகையைச் சீனர்கள் மறக்கவில்லை. அம்பாந்தோட்டைக் குத்தகையை இலங்கை மக்கள் மட்டும் மறந்துவிடுவார்களா? அவமானப்பட்டவன் பலசாலியானால் எப்படி நடந்துகொள்வான் என்பதைத்தான் இன்று சின்ன நாடுகள் எல்லாம் கவனித்துக்கொண்டிருக்கின்றன.

கோவில்பட்டி வரை

நமக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. 1962 யுத்தம் பழைய கதை என்று நினைத்திருந்தபோது, 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்.

அப்படியும் வியாபாரம் நிற்கவில்லை. 2024-25-ல் சீனாவோடு இந்தியாவுக்கு ஏற்பட்ட வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 9,900 கோடி டாலர். நம் மாத்திரைகளுக்கு வேண்டிய மூலச்சரக்கிலும் பெரும் பகுதி அங்கிருந்துதான் வருகிறது. மலிவான பிளாஸ்டிக் லைட்டர்கள் வந்து குவிந்தபோது, கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலாளர் வீட்டில் அடுப்பு அணையும் நிலை வந்தது. 2023-ல் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை இந்திய சர்க்கார் தடுத்தது.

மறுபக்கம், சீனாவை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று உலகக் கம்பெனிகள் நினைத்ததால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஆலைகள் பெருகின. ஒரு காலத்தில் ஷென்ஜென்னில் பெண்கள் செய்த வேலையை இங்கே நம் பெண்கள் செய்கிறார்கள். அவர்கள் ஆணி முடுக்குவதோடு நிற்கப் போகிறார்களா, வரைபடம் போடவும் கற்கப் போகிறார்களா? ஷென்ஜென் நமக்கு விடுக்கும் கேள்வி இது.

மறுபடியும் சோதனை

கதவுகள் இப்போது இரு பக்கமும் சாத்தப்பட்டு வருகின்றன. 2018-ல் அமெரிக்கா சீனச் சரக்கின்மேல் வரியை ஏற்றியது. 2022-ல் உயர்தரச் சிப்புகளைச் சீனாவுக்கு விற்கத் தடை போட்டது. 2025-ல் சீனா, அரிய மண் உலோகங்கள் சிலவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திப் பதிலடி கொடுத்தது.

வீட்டுக்குள்ளும் கவலை உண்டு. ஒரு குழந்தைச் சட்டம் 2015 வரை நீடித்தது. 2022-ல் ஜனத்தொகை குறையத் தொடங்கியது. 2023-ல் இந்தியா முந்திவிட்டது. கிழவர்கள் கூட, உழைக்கும் கைகள் குறைகின்றன. எவர்கிராண்டே என்ற பெரிய வீடு கட்டும் கம்பெனி கடனில் மூழ்க, 2024-ல் அதைக் கலைக்க ஹாங்காங் கோர்ட்டு உத்தரவிட்டது. தலைக்கு வருமானம் 2024-ல் சுமார் 13 ஆயிரம் டாலர். அமெரிக்காவில் 80 ஆயிரத்துக்கும் மேல். நாடு பெரும் பணக்கார நாடு. குடிமகன் இன்னும் நடுத்தரக்காரன்தான்.

இவற்றையெல்லாம் சீனா சமாளித்துவிடலாம். இதைவிடப் பெரிய துன்பங்களைத் தாண்டிய மக்கள் அவர்கள். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. 2018-ல், அதிபர் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் பதவி வகிக்கக் கூடாது என்ற விதி எடுக்கப்பட்டது. 2020 தொடக்கத்தில், புதிய நோய் பரவுகிறது என்று சக டாக்டர்களை எச்சரித்த வூஹான் டாக்டர் லி வென்லியாங்கைப் போலீஸார் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அடுத்த மாதம் அதே நோய்க்கு அவர் பலியானார். 2023-ல், இளைஞரில் நூற்றுக்கு 21 பேருக்கு மேல் வேலை இல்லை என்ற கணக்கு வெளியானது. அடுத்து, அந்தக் கணக்கை வெளியிடுவதையே சில மாதம் நிறுத்தி வைத்தார்கள்.

கெட்ட செய்தியைக் கேட்க மறுத்த போதெல்லாம் சீனா விழுந்திருக்கிறது. கேட்டபோதெல்லாம் எழுந்திருக்கிறது. நீராவி யந்திரத்தைப் பற்றிக் கேட்க மறுத்தவர் சியென்லுங். பஞ்சத்தைப் பற்றிக் கேட்க மறுத்தவர் மா சே-துங். பதினெட்டுக் கைநாட்டுக்குக் காது கொடுத்தவர் டெங்.

சீனாவைப் பார்த்து வாய் பிளப்பதாலும் பயனில்லை; பல்லைக் கடிப்பதாலும் பயனில்லை. பகைவனின் ரயிலில் ஏறி, அது எப்படி ஓடுகிறது என்று படித்த அந்த முதியவரின் புத்திதான் பயன் தரும். அவர் ஜப்பானைப் பார்த்ததுபோல நாமும் சீனாவைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நல்லதை எடுத்துக்கொள்வோம். அதற்கு அந்நாட்டு ஏழைகள் கொடுத்த விலையையும் கணக்கில் வைப்போம். நம் ஊரில் கெட்ட செய்தி சொல்கிறவனின் வாயை ஒருபோதும் பொத்தாமல் இருப்போம்.